பழைய வண்டிக்கு என்ன ஊற்றுவது?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை வாங்க வருகிறவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கடைக்காரர் என்னதான் புகழ்ந்து பேசினாலும், புடவையைத் திருப்பி முந்தானையின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். "சரிகை அசல்தானா? வெள்ளி எவ்வளவு சேர்ந்திருக்கிறது?" என்று கேட்பார்கள். தமக்குக் கேட்கத் தெரியாவிட்டால், கேட்கத் தெரிந்த அத்தையையோ பெரியம்மாவையோ கையோடு அழைத்து வந்துவிடுவார்கள். பணம் கொடுத்து வாங்குகிற பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது?

ஆனால் அதே குடும்பம், காந்தி ரோட்டின் ஓரத்தில் நிறுத்திவிட்டு வந்த தன் பழைய மோட்டார் வண்டிக்கு எண்ணெய் வாங்கும்போது என்ன செய்கிறது? "நல்லதாக ஒரு டப்பா கொடப்பா" என்கிறது. விலை உயர்ந்ததே தரத்திலும் உயர்ந்தது என்று எண்ணிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் விஷயத்திலோ அந்த ஒரு வாக்கியங்கூட இல்லை. தொகையைச் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. புடவைக் கடையில் நமக்கிருக்கும் விழிப்பு பெட்ரோல் பங்கிலும் இருக்க வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறோம். இதில் சம்பந்தப்பட்டிருப்பது பணம் மட்டுமல்ல. வண்டியில் ஏறுகிறவர்களின் பத்திரமும்தான்.

நம்மவர் செய்த வண்டிகள்

பழைய வண்டி என்று நாம் குறிப்பிடுவது எவற்றை? தேசம் சுதந்திரம் அடைந்த பின் நம்முடைய தொழிலாளர் கைகளில் உருவானவற்றைத்தான். வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை தயாரான அம்பாஸடர்; பம்பாய் குர்லாவில் பியட் என்று பிறந்து, பின்னர் பிரீமியர் பத்மினி என்று நம் நாட்டுப் பெயர் சூடிக்கொண்ட வண்டி; காஞ்சிக்குக் கிழக்கே வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு; 1983 டிஸம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800. இவற்றின் மூல வடிவங்கள் இங்கிலாந்தையும் இத்தாலியையும் ஜப்பானையும் சேர்ந்தவை என்பது மெய்யே. ஆயினும் இத்தனை ஆண்டுகள் அவற்றை ஓடவைத்த பெருமை நம் ஊர்ப் பட்டறைக்காரர்களையே சாரும்.

இவ்வண்டிகளில் பல இன்றும் ஓடுகின்றன. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு வருகின்றன. பெரியவர்களைச் சந்நிதிக்கு அழைத்துச் செல்கின்றன. தாத்தாவின் ஞாபகமாக ஒரு வீட்டு முற்றத்தில் நின்று, வெள்ளிக்கிழமைதோறும் சந்தனப் பொட்டு இட்டுக்கொள்கின்றன. வண்டி அதேதான், இஞ்சினும் அதேதான். ஆனால் அதற்கு நாம் ஊற்றும் ஆகாரம் முற்றிலும் மாறிவிட்டது. இந்த மாறுதலை அறியாமல் இருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

காஞ்சிவாசிகளுக்குக் காலக் கணக்குச் சொல்ல அத்தி வரதரைவிடச் சிறந்த சாட்சி வேறு யார்? நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து எழுந்தருளும் பெருமாள் அவர். 1979-ஆம் ஆண்டு அவரைத் தரிசிக்க வந்த வண்டிகள் ஈயம் கலந்த பெட்ரோலைக் குடித்து ஓடின. 2019-ஆம் ஆண்டு வந்தவற்றின் பெட்ரோலில் ஈயம் இல்லை. இன்று ஓடும் வண்டியின் பெட்ரோலிலோ ஐந்தில் ஒரு பங்கு சாராயச் சத்து. அதைத்தான் எதனால் என்று சொல்லுகிறார்கள்.

ஈயம் போன கதை

1921-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளர், பெட்ரோலில் சிறிதளவு ஈயச் சேர்மம் கலந்தால் இஞ்சின் 'கடகட'வென்று தட்டுவது நிற்கிறது என்று கண்டார். அன்று முதல் உலகமெங்கும் ஈயப் பெட்ரோல் பரவிற்று. அதற்கு எதிர்பாராத இன்னொரு நன்மையும் இருந்தது. எரிந்த புகையை வெளியே விடும் வால்வு, செந்நிறமாகும் அளவுக்குச் சூடேறி, தன் பீடத்தின்மேல் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் வந்து மோதுகிறது. பெட்ரோலில் இருந்த ஈயம் அந்தப் பீடத்தின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, மெத்தைபோல் அதைக் காத்துவந்தது. ஆகையால் அக்காலத்து இஞ்சின்களைச் செய்தவர்கள் வால்வுப் பீடத்தைச் சாதாரண வார்ப்பிரும்பிலேயே செய்துவிட்டார்கள்.

ஆனால் புகையோடு வெளியேறிய ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்து, மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் அதுவே விற்பனையாயிற்று. உலகில் கடைசியாக ஈயத்தைக் கைவிட்ட தேசம் அல்ஜீரியா. அது நடந்தது 2021-இல். ஈயம் போனதற்காக ஒருவரும் வருந்த வேண்டியதில்லை. நம் வீட்டுக் குழந்தையைக் காட்டிலும் வால்வுப் பீடம் பெரிதல்லவே!

இருந்தாலும் பழைய இரும்புத் தலையுள்ள இஞ்சினை வைத்திருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெத்தை போய்விட்டதனால், நெடுஞ்சாலையில் வெகு நேரம் வேகமாக ஓட்டினால் வால்வு தன் பீடத்தைச் சிறுகச் சிறுகத் தேய்த்து உள்ளே அமிழ்ந்துவிடும். அப்போது டாப்பெட்டின் இடைவெளி குறையும். 'டிக் டிக்' ஓசையும் குறையும். "வண்டி முன்னைவிட அமைதியாக ஓடுகிறது" என்று சொந்தக்காரர் மகிழ்ந்துபோவார். உண்மையில் அந்த அமைதிதான் ஆபத்தின் அறிகுறி. இடைவெளி அறவே இல்லாமற் போனால் வால்வு சரியாக மூடாது. மூடாத வால்வு கருகிப்போகும். ஆகவே டாப்பெட் இடைவெளியைக் காலாகாலத்தில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சின் தலையை என்றேனும் இறக்க நேர்ந்தால், கெட்டியான எஃகில் செய்த பீட வளையங்களைப் பொருத்திவிடுங்கள். அதன் பிறகு அந்தக் கவலை ஒழிந்தது. ஊருக்குள் நிதானமாக ஓடும் வண்டிக்கு இந்தத் தேய்மானம் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கரும்பிலிருந்து வரும் எரிபொருள்

எதனால் விஷயம் சற்று நுட்பமானது. இது புதிய எண்ணம் அன்று. சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, 1948-இல், பெட்ரோலோடு சாராயச் சத்தைக் கலப்பதற்கென்று நம் நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். 2003-இல் சில ராஜ்யங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கிற்று. 2022-இல் அது 10 சதவீதத்தை எட்டியது. 2025-இல் 20 சதவீதமாயிற்று. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை அயல் நாடுகளிலிருந்து வாங்குகிறோம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியேனும் மதுராந்தகம் பக்கத்துக் கரும்பு விவசாயிக்கும், மக்காச்சோளம் பயிரிடுகிறவருக்கும் போய்ச் சேருமானால் அதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் வருமா? சுதேசி எரிபொருள் என்ற முறையில் எதனாலை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் பாகங்கள்தாம் இந்த 20 சதவீதக் கலப்பைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை. அதற்கு வெகு காலம் முன்பு பிறந்த வண்டிகளை என்ன செய்வது? எதனால் கலவாத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று கோரி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற மனு 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடியாயிற்று. ஆகையால் பெட்ரோல் நம் வண்டிக்குத் தக்கபடி மாறும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வண்டியைத்தான் பெட்ரோலுக்குத் தக்கபடி செப்பனிட வேண்டும். நல்லவேளையாக, அது அவ்வளவு பெரிய காரியம் அல்ல.

எதனால் பழைய வண்டியில் நான்கு காரியங்கள் செய்கிறது. முதலாவது, சக்திக் குறைவு. ஒரு லிட்டர் எதனாலில் உள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எதனால் என்றால், மொத்தத்தில் குறைவது 6, 7 சதவீதம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய வண்டி 9.3 கிலோமீட்டர் ஓடினால் மெக்கானிக்கின்மேல் சந்தேகப்பட வேண்டாம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, காற்றுக் கணக்கு. 1 கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; 1 கிலோ எதனாலுக்கு 9 கிலோவே போதும். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் இதை அறிந்து அளவைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. முன்பு கொடுத்த அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் மெலிந்துவிடுகிறது. காலையில் கிளம்பத் தயங்குதல், வேகமெடுக்கும்போது திக்குதல், ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்துப்போதல் ஆகியவை இதன் அடையாளங்கள். கார்புரேட்டரிலுள்ள ஜெட் என்னும் சிறு துவாரத்தை மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு என்ற கணக்கில் அளந்து செய்கிறார்கள். அதற்கு ஓரிரு படி பெரிய ஜெட்டைப் போட்டால் குறை தீரும். அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு இது அரை மணி நேர வேலை.

மூன்றாவது, தண்ணீர். எதனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதக் கணக்காக நிற்கும் வண்டியின் டாங்கியில் ஈரம் சேர்ந்துகொண்டே போய், ஓர் அளவைக் கடந்ததும் எதனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தானே இருக்கிறது? ஆகவே நிற்கும் வண்டியின் டாங்கியை அரைகுறையாக விடாமல் நிரப்பி வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சற்றுத் தூரம் ஓட்டுங்கள். பல மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துக் காலியாக்கிவிடுவதே மேல்.

நான்காவதுதான் மிக முக்கியமானது. பழைய ரப்பர் குழாய்களையும், பெட்ரோல் பம்பிலுள்ள சவ்வையும், தக்கையில் செய்த காஸ்கெட்டுகளையும் எதனால் ஊறவைத்து, உப்பவைத்து, பின்பு வெடிக்கச் செய்யும். இருபது முப்பது ஆண்டுகளாக மாற்றாத குழாய் ஒன்று இஞ்சினின் சூட்டுக்கு நேர் மேலே கசிந்தால் என்ன நேரும் என்று விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறி அமரும் வண்டி அது! எதனாலைத் தாங்கும் குழாய் கடையில் கிடைக்கிறது. '30 ஆர் 9' என்ற குறி பொறித்த குழாயைக் கேட்டு வாங்குங்கள். டாங்கி முதல் கார்புரேட்டர் வரை ஒரு துண்டு விடாமல் மாற்றுங்கள். கிளிப்புகளும் புதிதாக இருக்கட்டும். டாங்கியில் பல்லாண்டு படிந்த கசடையும் எதனால் கரைத்துக்கொண்டு வருமாதலால், பெட்ரோல் பில்டரையும் மாற்றிவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு சாதாரணப் பருத்திப் புடவையின் விலைக்கு மேல் போகாது.

தாம் வாங்கிய பெட்ரோலில் எதனால் எவ்வளவு என்று அறிய விரும்புகிறவர்களுக்கு ரஸாயன வகுப்புச் சோதனை ஒன்று உண்டு. அளவுக்கோடுகள் இட்ட 250 மில்லி கண்ணாடிக் குழலில் 20 மில்லி தண்ணீரும் 100 மில்லி பெட்ரோலும் ஊற்றி மூடி, மெல்லக் குலுக்கி நிறுத்துங்கள். பெட்ரோலிலிருந்த எதனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். கீழே நிற்கும் தண்ணீர் மட்டம் 20-லிருந்து சுமார் 40-க்கு உயர்ந்தால் கலப்பு ஏறக்குறைய 20 சதவீதம் என்று அறியலாம். இதைத் திறந்த வெளியில், நெருப்புக்கு வெகு தூரத்தில், பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். கலப்படம் உண்டா என்ற சந்தேகம் எழுந்தால் பங்கிலேயே வடிதாள் கேளுங்கள். ஒரு துளி விட்டால் கறையின்றி ஆவியாக வேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

அதிக விலைப் பெட்ரோல் வேண்டுமா?

ஆக்டேன் எண் என்பது சக்தியின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. அழுத்தத்தில் தானே வெடித்துவிடாமல் பொறுத்திருக்கும் குணத்தின் அளவுதான் அது. புதிய இஞ்சின்கள் காற்றையும் பெட்ரோலையும் பத்துப் பன்னிரண்டில் ஒரு பங்காக நெருக்குகின்றன. அவற்றுக்கு அந்தப் பொறுமை தேவை. பழைய அம்பாஸடர், பத்மினி வகை இஞ்சின்கள் ஏழெட்டில் ஒரு பங்காகத்தான் நெருக்குகின்றன. சாதாரணப் பெட்ரோலிலேயே அவற்றுக்கு வேண்டிய ஆக்டேன் இருக்கிறது. எதனாலும் அந்த எண்ணை உயர்த்தவே செய்கிறது. இஞ்சின் தட்டாதவரையில் விலை அதிகமுள்ள பெட்ரோல் ஊற்றுவது நூல் புடவைக்குச் சரிகைப் பெட்டி வாங்குவது போன்றதுதான். அந்தப் பணத்தைக் குழாய்க்கும் பில்டருக்கும் செலவிடுங்கள்.

டப்பாவின் பின்புறம்

இனி இஞ்சின் ஆயிலுக்கு வருவோம். டப்பாவின் முன்புறத்தில் பந்தயக் காரின் படம் இருக்கும். நமக்கு வேண்டிய செய்தி பின்புறத்தில் இருக்கிறது. '20 டபிள்யூ 50' என்பது போன்ற எண்களைப் பாருங்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்லும். பின்னுள்ளது, 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும். 20 டபிள்யூ என்ற எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிக் குளிரில் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட நமது காஞ்சிபுரத்தில் அந்தக் குளிரில் நூற்றில் ஒரு பங்கு கிடையாது! ஆகவே '0 டபிள்யூ 20', '5 டபிள்யூ 30' போன்ற நீர்த்த எண்ணெய்கள், எவ்வளவு விலை உயர்ந்தவையானாலும், நம் பழைய இஞ்சினுக்கு ஆகா. அவை மயிரிழை இடைவெளியோடு செய்த புதிய இஞ்சின்களுக்கானவை. பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி அகன்ற பழைய இஞ்சினில் அவை நிற்காமல் ஓடிவிடும். எண்ணெய் அழுத்தம் குறையும், ஒழுகும், புகையாகவும் போகும். அம்பாஸடருக்கும் பத்மினிக்கும் ஹெரால்டுக்கும் '20 டபிள்யூ 50' அல்லது '20 டபிள்யூ 40' தான் நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது.

அடுத்து, துத்தநாகம். காம் ஷாப்டின் மேடு, தட்டையான டாப்பெட்டின் மீது உராய்ந்துகொண்டே சுழல்கிறது. அங்கே எண்ணெய்ப் படலம் பிழிபட்டுப்போகும்போது உலோகத்தைக் காப்பது, எண்ணெயில் கலந்துள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். புதிய வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவியைப் பாஸ்பரஸ் கெடுத்துவிடுவதால், நீர்த்த எண்ணெய்களில் அதன் அளவுக்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்துவிட்டார்கள். '20 டபிள்யூ 50' போன்ற கெட்டி எண்ணெய்களுக்கு அந்த வரம்பு கிடையாது. நம் பழைய வண்டியிலோ அந்தக் கருவியே கிடையாது. கெட்டி எண்ணெயைத் தேர்ந்தெடுக்க இது மற்றொரு காரணம். விவரச் சீட்டில் துத்தநாக அளவைக் காட்டும் டப்பாவாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது.

பழைய வண்டிக்குச் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றி இரண்டு வருஷம் மறந்திருப்பதைவிட, நடுத்தர விலையுள்ள சரியான எண்ணெயை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓட்டம் குறைவானால் ஆண்டுக்கு ஒருமுறை, பில்டரோடு மாற்றுவதே இஞ்சினுக்கு ஆயுள் தரும். வெகு காலம் நின்றிருந்த வண்டி என்றால், முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே வடித்துவிடுங்கள்; உள்ளேயிருந்த கசடு அதோடு வந்துவிடும்.

பெட்ரோலும் எண்ணெயும் சந்திக்கும் இடம்

பாவும் ஊடையும் சேர்ந்தே துணியாவதுபோல், இந்த இரண்டும் தனித்தனி விஷயங்கள் அல்ல. பழைய வண்டிகளின் பெட்ரோல் பம்பு இஞ்சினின் பக்கத்தில் பொருத்தப்பட்டு, உள்ளே ஒரு மெல்லிய சவ்வினால் இயங்குகிறது. எதனாலில் ஊறி அந்தச் சவ்வு கிழிந்தால், பெட்ரோல் ஓசையின்றி எண்ணெய்க்குள் வழியும். நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிய '20 டபிள்யூ 50' ஆனாலும் நீர்த்துப்போய்ப் பேரிங்குகளைக் கைவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை இஞ்சின் ஆறியிருக்கும்போது அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ஊற்றாமலே எண்ணெய் மட்டம் உயர்ந்திருந்தாலோ, கம்பியில் பெட்ரோல் வாடை வீசினாலோ, வண்டியைக் கிளப்பாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

வடித்த எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வாசற் சாக்கடையில் ஊற்றினால் அது வேகவதிக்கும், ஏரி குளங்களுக்கும் போய்ச் சேரும். டப்பாவிலேயே திரும்ப ஊற்றி, பழைய எண்ணெயைச் சுத்திகரிக்க எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பழைய வண்டியைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டும் என்றும், இல்லாவிட்டால் எடைக்குப் போட்டுவிட வேண்டும் என்றும் இரண்டு விதமான பேச்சுக்களைக் கேட்கிறோம். இரண்டும் மிகையானவை என்பது நமது அபிப்பிராயம். புதிய ரப்பர்க் குழாய், திருத்திய ஜெட், பின்புறம் படித்து வாங்கிய கெட்டி எண்ணெய், வாரம் ஒருமுறை உருவிப் பார்க்கும் அளவுக் கம்பி: இவ்வளவே வேண்டியவை. நாட்டின் கரும்பும் வாழட்டும். நாட்டில் பிறந்த வண்டியும் ஓடட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை, வண்டியின் பானெட்டைத் திறந்து அந்தப் பெட்ரோல் குழாயை ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். அது கல்லைப்போல் இறுகியிருந்தாலும் சரி, களியைப்போல் குழைந்திருந்தாலும் சரி, திங்கட்கிழமைக்குள் மாற்றிவிடுங்கள்.